ஆவுடை என்று பெயர் வைக்கலாமே

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வாசித்தேன். தேர்தலுக்காக இல்லை, பெயர்களுக்காக. பெண்களின் பெயரையும் வயதையும் மட்டும் பார்த்துக்கொண்டே போனால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. எழுபது, எண்பது வயதுக்காரர்களில் ஆவுடையம்மாள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்குக் கீழே ஐம்பது, நாற்பது என்று இறங்கினால் ஆவுடையம்மாள் மெலிந்து மெலிந்து போய், அந்த இடத்தில் கோமதி, கோமதியம்மாள், மறுபடியும் கோமதி என்று வருகிறது. இருபதுகளுக்கு வந்துவிட்டால் கோமதியே தேட வேண்டியதாகிவிடுகிறது, ஆவுடை சுத்தமாக இல்லை. பட்டியலில் இல்லாத சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சடங்கு வீட்டுக்கும் காதுகுத்துக்கும் வைக்கிற பிளெக்ஸ் பேனரைப் பார்த்தாலே தெரியும். ஹாசினி, தன்ஷிகா, யாழினி, இன்னும் வாய்க்குள் நுழைய ஒரு நிமிடம் எடுக்கிற பெயர்கள்.

இந்தப் பெயர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவர்கள் ஆசையாக வைக்கிறார்கள். என் கவலை ஆவுடை பற்றியது. ஒரு தலைமுறைக்கு முன்னால் தெருவுக்கு ஒருத்தி இருந்த பெயர், இன்று இருபதுகளில் ஒருத்தியிடமும் இல்லை என்றால், இன்னும் சில பத்து வருடங்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்காது. அதற்கு முன்னால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது, எதனால் நின்றது என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பெயர் வந்தது சங்கரன்கோவிலில் இருந்து. அந்தக் கோயில் கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும், ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சங்கன், பத்மன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரிது, பத்மனுக்குத் திருமால்தான் பெரிது. சண்டை முற்றிப்போய் அம்மனிடம் வந்து நின்றார்கள். அம்மன் இவன் சொல்வது சரி, அவன் சொல்வது தப்பு என்று தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்பதை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்டாள், அதற்காகப் புன்னைவனத்துக்கு வந்து ஒற்றைக்காலில் நின்று தவம் இருந்தாள். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று பாதி உடம்பு சிவனும் பாதி உடம்பு திருமாலுமாகச் சங்கரநாராயணர் கோலத்தில் காட்சி கிடைத்தது. அதுதான் ஆடித்தபசு.

அம்மன் தவத்துக்கு வந்தபோது தனியாக வரவில்லை. அவளோடு இருக்க வேண்டும் என்று தேவமாதர்களும் வந்தார்கள், பசுக்களாக உருமாறி அவளைச் சுற்றி நின்றார்கள் என்று தலக்கதை சொல்கிறது. பசுவுக்குப் பழைய தமிழ்ச் சொல் ஆ. அந்த ஆக்களை உடையவள் ஆவுடையாள். ஆவுடையம்மை, ஆவுடைநாயகி, ஆவுடையம்பிகை என்று எப்படி நீட்டினாலும் அடியில் இருப்பது அதுதான். இதையே வடமொழியில் சொன்னால் கோமதி. கோ என்றால் பசு, மதி என்கிற ஈறு உடையவள் என்பதைக் குறிப்பது. மதியை நிலவு என்று எடுத்துக்கொண்டு நிலவு போன்ற முகம் உடையவள் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவுடையையும் கோமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று மற்றதன் நேர்ப்பெயர் என்பது பளிச்சென்று தெரிகிறது. வடக்கே லக்னோ வழியாக ஓடும் கோமதி ஆற்றின் பெயரும் அதே சொல்தான்.

ஆக, ஒரே அம்மனுக்கு ஒரே பொருளில் இரண்டு பெயர்.

தபசு பார்த்தவர்களுக்கு அந்த அம்மன் எங்கள் சனங்களுக்கு என்னவாக இருக்கிறாள் என்று விளக்க வேண்டியதில்லை. கொடி ஏறிய பிறகு ஆடிச்சுற்று என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், நூற்றியொன்று, நூற்றியெட்டு என்று நேர்ந்துகொண்டு வயசான பெண்கள்கூட நடப்பார்கள். அம்மன் ஒற்றைக்காலில் நின்றாளே, அந்த வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. தபசு அன்றைக்குக் கரிசல் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் பயறையும் கொண்டுவந்து சூறை விடுவார்கள், அதாவது அள்ளி வீசுவார்கள், அடுத்த வெள்ளாமை நன்றாக வர வேண்டும் என்று. பாம்பு, தேள் பயம் வந்தால் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள். மழை, மாடு, பயிர், பாம்பு, பிள்ளை, எல்லாவற்றுக்கும் அவள்தான். அப்படி ஒருத்தி இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு அவள் பெயரை வைக்காமல் வேறு யார் பெயரை வைப்பார்கள்? 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் தனியாகப் பிரிந்ததும் சங்கரன்கோவில் அதில் போய்விட்டது, ஆனாலும் எங்கள் வாய்க்கு எல்லாமே திருநெல்வேலிச் சீமைதான்.

அம்மன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அந்தந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. நெல்லையப்பர் கோயிலை ஒட்டி இருப்பவர்களுக்குக் காந்திமதி. தென்காசி, பாபநாசம் பக்கம் உலகம்மாள். குற்றாலத்துக்காரர்களுக்குக் குழல்வாய்மொழி, எவ்வளவு அருமையான பெயர். கோவில்பட்டியில் செண்பகவல்லி. இது பெரிய கோயில் வரிசை. ஊர் எல்லையிலும் காட்டுக்குள்ளும் இருக்கிற தெய்வங்களின் வரிசை இன்னொன்று: இசக்கி, பேச்சி, மாடத்தி, முப்பிடாதி, உச்சிமாகாளி. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டாலே எந்த ஊர்ப் பக்கம் என்று பாதி சொல்லிவிடலாம். இதில் ஆவுடைக்கு ஒரு தனி நிலை உண்டு, அது சங்கரன்கோவிலோடு நிற்கவில்லை. தாமிரபரணிக் கரையில் நவகைலாயம் என்று சொல்கிற ஒன்பது சிவன் கோயில்களில் ஒன்றான சேரன்மகாதேவி அம்மைநாதர் கோயிலிலும் அம்பாள் பெயர் ஆவுடைநாயகிதான். அதனால் கரிசலிலும் இந்தப் பெயர் உண்டு, ஆற்றுப் பாசனத்திலும் உண்டு.

சரி, இரண்டு பெயர் இருக்கும்போது ஒன்று எப்படி வளர்ந்தது, இன்னொன்று எப்படித் தேய்ந்தது? இதற்குப் பதில் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் பெயர் கோமதி. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் ஆவுடையம்மாள். எங்கள் பக்கம் மூத்த பெண் பிள்ளைக்கு அப்பாவின் அம்மா பெயர், அடுத்ததுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைப்பது எழுதாத சட்டம். பெயர் வைப்பது வரைக்கும் சரி, வைத்த பிறகு ஒரு சிக்கல் வரும். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிள்ளைக்கு மாமியார் பெயரை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைப் பெற்றவள் எப்படிக் கூப்பிடுவாள்? ஏட்டி என்று அதட்டும்போது பின்னால் எந்தப் பெயரைச் சேர்ப்பாள்? அதனால்தான் எங்கள் ஊரில் பெயர் ஒன்று, கூப்பிடுவது ஒன்று. பாப்பா, தாயி, ராசாத்தி, செல்லம்மா என்று ஒரு வீட்டுப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும், சிலருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுதான் உண்மைப் பெயரே தெருவுக்குத் தெரியவரும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி சங்கரன்கோவில் அம்மனே வைத்திருந்தாள். ஆவுடை என்கிற மாமியார் பெயரை விடவும் வேண்டாம், வாயால் சொல்லவும் வேண்டாம், பிள்ளைக்குக் கோமதி என்று வைத்தால் போதும். அம்மன் அதே அம்மன், பொருள் அதே பொருள், ஆச்சிக்கும் மனக்குறை இல்லை, பெற்றவள் பிள்ளையை வாய் நிறையக் கூப்பிடலாம். எனக்குக் கோமதி என்று பெயர் வந்தது அப்படித்தான். என்னோடு படித்த கோமதிகள் சிலருடைய வீட்டிலும் ஆச்சி பெயர் ஆவுடைதான். வாக்காளர் பட்டியலில் ஆவுடை மெலிய மெலியக் கோமதி கூடிக்கொண்டே போவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பெயர் செத்துப் போகவில்லை, மருமகள்களின் வாய்க்காக வேறு உருவம் எடுத்தது.

அதற்கு மேல் பள்ளிக்கூடமும் சேர்ந்துகொண்டது. 1950, 60களில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்த குடும்பங்களுக்குக் கோமதி என்பது படித்த பெயராகத் தெரிந்தது, சென்னையில் சொன்னாலும் புரியும், டெல்லியில் சொன்னாலும் புரியும். ஆவுடை திருநெல்வேலியைத் தாண்டினால் விளக்கம் கேட்கும். ஆண்களிலேயே கோமதிநாயகம், கோமதிசங்கர் என்று பெயர் வைக்கிற அளவுக்குக் கோமதி எங்கள் சீமையில் வேர் பிடித்தது, வேறு எந்த மாவட்டத்திலும் இவ்வளவு கோமதிநாயகங்களைப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆவுடைக்கும் ஆண் பெயர் உண்டு, ஆவுடையப்பன். 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவராக இருந்த ஆவுடையப்பன் அம்பாசமுத்திரத்துக்காரர். அந்த ஐந்து வருடமும் பேப்பரில், டிவியில் அந்தப் பெயர் தினமும் வந்தது, எங்கள் ஆச்சிக்கு அதில் ஒரு பெருமை, யாரோ அவள் பெயரையே சபையில் கூப்பிடுவது மாதிரி.

அம்மாவுக்கும் ஆச்சி பெயருக்கும் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவர் வீட்டில் அம்மா மட்டும் இருந்த நேரத்தில் வந்துவிட்டார். உங்கள் மாமியார் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா எப்படிச் சொல்வாள்? "தபசு அம்மன் பேரு" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கோமதி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வாக்காளர் அட்டையில் ஆவுடையம்மாள், ரேஷன் கார்டில் கோமதியம்மாள். பல வருடம் இதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தபோதுதான் இரண்டு கார்டும் ஒரே மேசையில் வந்து விழுந்தன, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா அந்தக் காகிதத்துக்காக அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு அலுவலகத்தில், ஆவுடையும் கோமதியும் ஒன்று என்று காகிதத்தில் எழுதி முத்திரை குத்தித்தான் நம்புவார்கள் என்றால் அந்தப் பெயரின் கதை எவ்வளவு தூரம் மறந்துபோயிருக்கிறது என்று பாருங்கள்.

இனி இந்தப் பெயரில் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். செங்கோட்டை ஆவுடையக்காள்.

செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் மொழிவாரி மாநிலப் பிரிப்பில் நம்மோடு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு அக்ரஹாரத்தில் பிறந்தவள் ஆவுடை. விளையாட்டு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள், விவரம் தெரிவதற்கு முன்பே கணவன் இறந்துபோனான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று நமக்குத் தெரியும், ஒரு மூலை, ஒரு வேளைச் சாப்பாடு, யார் கண்ணிலும் படாமல் இருப்பது. திருவிசைநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள் என்கிற மகான் அந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு உபதேசம் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்குப் பிறகு அவள் பாட ஆரம்பித்தாள். உயிரும் இறைவனும் ஒன்றே என்கிற அத்வைதத்தைப் பாடினாள், அதுவும் சமஸ்கிருதத்தில் இல்லை, அம்மானை, பள்ளு என்று பெண்கள் வீட்டில் வேலையோடு வேலையாகப் பாடக்கூடிய மெட்டுகளில், பேச்சுத் தமிழில். தீட்டு, எச்சில், மடி என்று தன்னை ஒதுக்கி வைத்த ஒவ்வொன்றையும் எடுத்துக் கேள்வி கேட்டாள். பாரதியின் பாட்டுகளில் அவளுடைய சாயலைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எட்டயபுரத்துப் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பெண்கள் வாயால் இந்தப் பாட்டுகள் காதில் விழுந்திருக்கும் என்று நினைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அவள் பாடியதை எழுதி வைத்துக் காப்பாற்றியது எந்த ராஜாவும் இல்லை, எந்த மடமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், அதிலும் அவளைப் போலவே இளம் வயதில் கணவனை இழந்த பெண்கள், வாய்ப்பாடமாகவும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அச்சில் வந்ததெல்லாம் மிகப் பிந்தித்தான். ஒரு ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் குளித்துவிட்டு மலைமேல் ஏறிப் போனவள் திரும்பி வரவில்லை என்று சொல்வார்கள். அக்காள் என்று மரியாதையாகச் சேர்த்துச் சொல்வது பின்னால் வந்தது, பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வெறும் ஆவுடைதான். தமிழில் ஆண்டாள், காரைக்கால் அம்மையார் என்று சொல்கிற வரிசையில் எங்கள் சீமைக்காரி ஒருத்தியின் பெயரும் வர வேண்டும், அவள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதைவிட அதற்கு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆண்டாள் பெயர் இன்றைக்கும் புழக்கத்தில் இருப்பதற்குத் திருப்பாவையும் ஒரு காரணம், பெயர் வைத்துக்கொண்டே இருந்த குடும்பங்களும் ஒரு காரணம்.

இந்தப் பெயர் எந்த ஒரு சாதிக்காரர்களின் பெயராகவும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செங்கோட்டை அக்ரஹாரத்தில் ஆவுடை, எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போன ஆவுடை, கடை வைத்திருந்த ஆவுடை, மாடு வளர்த்த ஆவுடை. எங்கள் ஊர்ப் பட்டியலில் தெருவுக்குத் தெரு ஆவுடை இருக்கிறாள். பெயரை வைத்து யார் என்ன ஆட்கள் என்று மோப்பம் பிடிக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும்.

சைவத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு அடுக்கு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சிவலிங்கம் நிற்கிற பீடத்துக்கு ஆவுடையார் என்று பெயர், அது சக்தியின் வடிவம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், மாணிக்கவாசகர் உபதேசம் பெற்ற அந்தத் திருப்பெருந்துறைக் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான் இருக்கிறது. இன்னொன்று, சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்வார்கள், அதில் பசு என்பது உயிர். ஆ என்றாலும் பசுதான். அப்படிப் பார்த்தால் ஆவுடையாள் என்பவள் மாடுகளை உடையவள் மட்டும் இல்லை, உயிர்களை எல்லாம் தன்னுடையதாக வைத்திருப்பவள். இணையத்தில் பெயரும் பொருளும் என்று தேடிக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பெயருக்கு "ஒளி" என்றும் "தேவதை" என்றும் போட்டிருப்பதை நம்பிப் பெயர் வைக்கிறவர்களுக்கு, இவ்வளவு பொருள் அடுக்கடுக்காக இருக்கிற ஒரு பெயர் சொந்த ஊரிலேயே இருப்பது தெரியாது.

இதையெல்லாம் நான் இப்போது இவ்வளவு வேகமாக எழுதக் காரணம் என் அண்ணன் மகள். பிறந்து சில மாதம் ஆகிறது, பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலி. வாட்ஸப் குடும்பக் குழுவில் ஆளாளுக்குப் பெயர் போடுகிறார்கள், நான் போட்டது ஆவுடை. மதினி எனக்குத் தனியாகப் போன் போட்டு, "கோமதி, நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மதினிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை, அதனால் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

கிழவி பெயர் மாதிரி இருக்கிறதே என்றார். இப்போது கிழவிகளுக்கு மட்டும் இருக்கிறது என்பதால் அப்படித் தோன்றுகிறது, ஒரு வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு இருந்தால் அது பிள்ளைப் பெயர்தான். ஆதிரை என்ற பெயரை நம் அம்மாக்கள் காலத்தில் பிள்ளைக்கு வைத்திருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும், இன்று ஆசையாக வைக்கிறார்கள். அம்மாள் என்ற வாலை எடுத்துவிட்டு ஆவுடை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள் மதினி, மூன்றே எழுத்து, சத்தமாகக் கூப்பிட்டால் வாசலில் இருந்து தெருமுனை வரை போகும் என்று சொன்னேன். ஆ என்று நெடிலில் தொடங்கி டை என்று முடிகிற பெயர், கூப்பிடுவதற்கென்றே செய்த பெயர்.

ஆங்கிலத்தில் எழுதினால் வாயில் நுழையாது என்றார். இது உண்மையான கஷ்டம்தான், மறைக்கவில்லை. எங்கள் ஊர் ஆவுடையம்மாள்களின் கார்டுகளில் ஒரு ஆளுக்கு ஏ ஒன்று, ஒரு ஆளுக்கு ஏ இரண்டு, இன்னொரு ஆளுக்கு நடுவில் ஒய், சிலருக்கு அதை மறுபடி தமிழில் மாற்றும்போது அவுடை என்று குறுகிப் போய் நிற்கிறது. ஆனால் இந்தக் கஷ்டம் புதுப் பெயர்களுக்கு மட்டும் இல்லையா? எண் கணிதம் பார்த்து எச் ஒன்று கூட்டி, ஏ ஒன்று கூட்டி எழுதுகிற பெயர்களுக்கு இதைவிட அதிகம். முதலிலேயே ஏ இரண்டு போட்டு எழுதி, எல்லாக் காகிதத்திலும் அதையே பிடித்துக்கொண்டால் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்றார். இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை, ஏனென்றால் இசக்கி என்ற பெயருக்காக என் வகுப்புத் தோழி ஒருத்தி பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், திருநெல்வேலி டவுனுக்கு மேல்படிப்புக்குப் போனதும் அவள் பெயரையே மாற்றிக்கொண்டாள். கேலி செய்கிற பிள்ளைகளுக்கு எந்தப் பெயரும் தப்பாது என்பது ஒரு பதில். ஆனால் நான் மதினியிடம் சொன்னது வேறு. பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கேலியைத் தாங்கும். தவமிருந்து சண்டையைத் தீர்த்து வைத்த அம்மன் ஒருத்தி, தன்னை மூலையில் உட்கார வைத்த ஊரைப் பார்த்துப் பாட்டால் கேள்வி கேட்ட அக்காள் ஒருத்தி, மாமியார் பெயர் என்று மருமகள் பொத்திப் பொத்தி வைத்த ஆச்சி ஒருத்தி, இத்தனை பேரையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பது நம் வேலை, நான் அத்தை, அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அத்தைக்கு அந்த உரிமை எங்கள் பக்கம் உண்டு.

மதினி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பிறந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை பதியலாம், ஆகையால் அவசரம் ஒன்றும் இல்லை. இதற்குள் யாருக்காவது வீட்டில் பெண் பிள்ளை பிறந்து, ஆவுடை என்று வைக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தால், ஆவுடை என்று தனியாகவும் வைக்கலாம், சான்றிதழில் ஆவுடைநாயகி என்று நீளமாக எழுதி வீட்டில் ஆவுடை என்று கூப்பிடவும் செய்யலாம், கோமதி ஆவுடை என்று இரண்டையும் சேர்த்தால்கூட நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் ஒத்துக்கொண்டான். அப்பாவுக்குத் தன் அம்மாவின் பெயர் என்பதால் கேட்கவே வேண்டாம். அம்மாவிடம் கேட்டேன், ஆச்சி போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே, பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தால் இப்போதாவது வாயால் சொல்லிக் கூப்பிடுவியா என்று. "வைங்க, நல்லா வைங்க. கூப்பிடுதது நீங்க கூப்பிடுங்க. நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கிடுதேன்" என்றாள். மதினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆச்சி அவருக்கு மாமியாரும் இல்லை, அதனால் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் முதலில் வாய்விட்டுக் கூப்பிடுகிற மருமகளாக அவர் இருக்கலாம் என்பதையும் அடுத்த போனில் சொல்லிவிடப் போகிறேன்.